இரைச்சலுக்குள் ஒரு குரலை மூளை எப்படிப் பிரித்தெடுக்கிறது?

“சத்தம் எல்லாம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை.” வயதானவர்கள் பலர் சொல்லும் வாக்கியம் இது. என் அம்மாவும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். இருவர் மட்டும் இருக்கும் அறையில் தணிந்த குரலில் பேசினாலும் அவருக்குப் புரியும். பத்துப் பேர் கூடிப் பேசும் இடத்திலோ சிறிது நேரத்திலேயே பேச்சின் தொடர்பை விட்டுவிட்டு அமைதியாகிவிடுவார். நாங்கள் குரலை உயர்த்திப் பேசிப் பார்த்தோம், பலன் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வரி எவ்வளவு துல்லியமானது என்பது, காதும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. சத்தம் காதில் விழுவது ஒன்று. விழுந்த சத்தத்தில் எது யாருடையது என்று பிரிப்பது வேறொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

ஒரு கூட்டத்தில் நின்று நண்பரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். எங்கோ இசை ஒலிக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் காற்றின் அழுத்தத்தில் மிகச் சிறிய ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகின்றன. அந்த ஏற்ற இறக்கங்கள் தனித்தனிப் பாதையில் உங்களை வந்தடைவதில்லை. வழியிலேயே ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. உங்கள் செவிப்பறை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு. அது உள்ளே போகும், வெளியே வரும், அவ்வளவுதான். பத்துக் குரல்கள் வந்து மோதினாலும் அதில் நிகழ்வது ஒரே ஓர் அதிர்வு.

கண்ணுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. மரத்திலிருந்து வரும் ஒளியும் அதன் அருகில் நிற்கும் மனிதரிடமிருந்து வரும் ஒளியும் விழித்திரையில் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. காதுக்கு அப்படி இடப்பிரிவு கிடையாது. கூட்டுத்தொகை 17 என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட்டப்பட்ட எண்கள் எவை என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? ஒன்பதும் எட்டுமாக இருக்கலாம், பத்தும் நான்கும் மூன்றுமாக இருக்கலாம். விடைகளுக்கு முடிவே இல்லை. மூளை ஒவ்வொரு கணமும் எதிர்கொள்வது இத்தகைய கணக்கைத்தான்.

செவிப்புலனை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கனடிய உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் இதை ஓர் ஏரியை வைத்து விளக்கினார். ஏரிக்கரையில் இரண்டு சிறிய வாய்க்கால்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குட்டையை நீரில் படும்படி விரித்துக் கட்டுங்கள். அலை வந்து படும்போது கைக்குட்டைகள் ஆடும். அந்த இரண்டு துணிகளின் ஆட்டத்தை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகுகள் போகின்றன, எது எங்கே இருக்கிறது, காற்று அடிக்கிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் இரண்டு செவிப்பறைகளின் ஆட்டத்தை வைத்து நாம் இதைத்தான் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறோம்.

பிரிக்கும் வேலை உள்காதில் தொடங்குகிறது. அங்கே நத்தைக் கூடுபோலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. சுருளை விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம். அதனுள் ஓடும் சவ்வின் அடிப்பகுதி கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கும், நுனிப்பகுதி தாழ்ந்த ஒலிகளுக்கும் அதிகமாக அசையும். உள்ளே வரும் கலவை இங்கே அதிர்வெண் வாரியாகப் பிரிகிறது. இதைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே பலரும் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: காதே குரல்களைப் பிரித்துவிடுகிறது என்று. காது பிரிப்பது அதிர்வெண்களை, குரல்களை அல்ல. ஒரே மனிதரின் குரலில் தாழ்ந்த அதிர்வெண்களும் உண்டு, உயர்ந்தவையும் உண்டு. எனவே காக்ளியா அவருடைய குரலைப் பல துண்டுகளாக்கி வெவ்வேறு நரம்பிழைகளில் அனுப்புகிறது. பக்கத்தில் பேசுபவரின் குரலும் அதேபோல் துண்டாகி, பல இடங்களில் அதே இழைகளிலேயே போகிறது. பத்துப் பேரின் கடிதங்களை ஒன்றாகக் கிழித்துக் குவித்ததுபோல ஒரு குவியல் மூளைக்கு வந்து சேர்கிறது. எந்தத் துண்டு எந்தக் கடிதத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து ஒட்டுவது மூளையின் பொறுப்பு.

எப்படி ஒட்டுகிறது? உலகில் ஒலிகள் பொதுவாக எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவை வைத்து. முதல் துப்பு, துண்டுகளுக்கு இடையே உள்ள கணக்கு. ஒருவரின் குரல்நாண்கள் வினாடிக்கு 120 தடவை அதிர்கின்றன என்றால், அவர் குரலில் 120 ஹெர்ட்ஸோடு 240, 360, 480 என்று அதன் மடங்குகளும் இருக்கும். அருகில் பேசும் பெண்ணின் குரல் 210இல் தொடங்கினால் 420, 630 என்று போகும். ஒரே எண்ணின் மடங்குகளாக அமையும் துண்டுகளை மூளை ஒரு கட்டாகக் கட்டிவிடுகிறது. இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பழைய தொலைபேசியே சான்று. அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி ஏறக்குறைய வராது. 120 ஹெர்ட்ஸ் அதன் வழியே வரவே இல்லை. இருந்தும் பேசும் ஆணின் குரல் கனமாகவே கேட்கும். மடங்குகளைப் பார்த்து அடி எண்ணை மூளை தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. இரண்டு பேரின் சுருதி ஒன்றாக இருந்தால் அவர்களைப் பிரித்துக் கேட்பது கடினமாவதும், ஆண் குரலையும் பெண் குரலையும் பிரிப்பது எளிதாவதும் இதனால்தான்.

இரண்டாவது துப்பு நேரம். ஒரே கணத்தில் தொடங்கி, ஒன்றாக ஏறி இறங்கி, ஒன்றாக முடியும் துண்டுகள் ஒரே பொருளிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். அது தற்செயலாக நடப்பது அரிது. சேர்ந்து வாசிக்கும் இசைக் கலைஞர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும் அவர்களின் சுரங்கள் மில்லிவினாடிக் கணக்கில் முன்பின்னாகத்தான் தொடங்கும். அந்தச் சிறு பிசகுதான் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே கேட்க நமக்கு உதவுகிறது.

அடுத்தடுத்து வரும் ஒலிகளையும் மூளை இப்படித் தொடுக்கிறது. உயர்ந்த சுரம் ஒன்று, தாழ்ந்த சுரம் ஒன்று என்று மாற்றி மாற்றி மெதுவாக ஒலித்தால், ஒரே மெட்டு மேலும் கீழும் போய்வருவதாகக் கேட்கும். வேகத்தைக் கூட்டினால், அல்லது இரண்டு சுரங்களுக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கினால், அந்த மெட்டு திடீரென உடைந்து இரண்டு ஓட்டங்களாகிவிடும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. 1975இல் லியோன் வான் நூர்டன் இதை விரிவாக ஆராய்ந்தார். இதில் என்னைக் கவர்ந்தது, உடைவதற்குச் சில வினாடிகள் ஆகின்றன என்பது. ஒலி மாறவே இல்லை. அதே சுரங்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன. மூளை முதலில் “ஒரே மூலம்” என்று வைத்துக்கொண்டு, சான்று சேரச் சேர “இல்லை, இரண்டு” என்று முடிவை மாற்றிக்கொள்கிறது. நாம் கேட்பது அந்த முடிவைத்தான்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு காதே போதும். இரண்டாவது காது கொண்டுவரும் செல்வம் தனி. வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றி இடக்காதை அடைகிறது. அந்தத் தாமதம் அதிகபட்சம் 0.7 மில்லிவினாடி அளவுதான். ஒரு நரம்பணுவின் துடிப்புக்கே ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகும். இருந்தும், பயிற்சி பெற்ற மனிதர் 10 மைக்ரோவினாடி வித்தியாசத்தைக்கூட உணர்வார். ஒரு வினாடியை ஒரு லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! இரு காதுகளின் செய்தியும் மூளைத்தண்டிலேயே சந்தித்து, அங்குள்ள நரம்பணுக்கள் எது முந்தியது என்று ஒப்பிட்டுவிடுகின்றன. உயர்ந்த அதிர்வெண்களுக்கு வேறு வழி இருக்கிறது: தலை அவற்றை மறித்து நிழல் போட, தொலைவில் உள்ள காதில் சத்தம் குறைந்துவிடும். தாழ்ந்த ஒலிக்கு நேரம், உயர்ந்த ஒலிக்கு நிழல் என்ற இந்தப் பாகுபாட்டை ராலே பிரபு 1907இலேயே முன்வைத்தார்.

திசை அறிவதோடு இந்த ஒப்பீடு நிற்பதில்லை. 1948இல் தொடங்கிய ஒரு வகைச் சோதனையை விளக்கினால் இது புரியும். ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டும் இரைச்சலையும், அதனுள் ஒரு மெல்லிய சுரத்தையும் அனுப்புகிறார்கள். இரைச்சல் சுரத்தை விழுங்கிவிடுகிறது, சுரம் கேட்கவில்லை. இப்போது மறு காதுக்கு அதே இரைச்சலை மட்டும் அனுப்புகிறார்கள். சத்தம் கூடியிருக்கிறது, சுரமோ முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். ஆனால் இப்போது சுரம் தெளிவாகக் கேட்கிறது! இதை முதன்முறை படித்தபோது தலைகீழாக எழுதிவிட்டார்களோ என்று திரும்பப் படித்தேன். காரணம் இதுதான்: இரு காதுகளிலும் இரைச்சல் ஒன்றாக இருப்பதால் மூளை ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு இரைச்சலைக் கழித்துவிடுகிறது. கழித்தபின் மிஞ்சுவது சுரம்.

இந்த இரு காதுக் கணக்கின் மதிப்பை நீங்களே சோதிக்கலாம். ஆரவாரமான இடத்தில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேளுங்கள். அல்லது அங்கே நடக்கும் உரையாடலை ஒற்றை மைக்ரோபோனில் பதிவுசெய்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். நேரில் நன்றாகப் புரிந்த பேச்சு பதிவில் மற்றவர்களின் சத்தத்தோடு சேர்ந்து சேறாகக் கிடக்கும். ஒற்றை மைக் பதிவுசெய்தது திசையெல்லாம் அழிந்துபோன கலவையை.

எனினும் துண்டுகளைக் கட்டுகளாகக் கட்டினால் மட்டும் போதாது. எந்தக் கட்டைக் கேட்பது? இங்கே கவனம் வருகிறது. 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இரு காதுகளுக்கும் இரண்டு வெவ்வேறு பேச்சுகளைக் கொடுத்து, ஒன்றை மட்டும் கேட்டுக்கேட்டு உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். இந்தச் சிக்கலுக்கு “காக்டெயில் விருந்துச் சிக்கல்” என்ற பெயரை வழங்கியவரும் அவரே. பங்கேற்றவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் மறு காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஏறக்குறைய ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்தார்கள். நடுவில் பேச்சு வேறு மொழிக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்படியானால் கவனிக்காத பேச்சு வாசலிலேயே தடுக்கப்படுகிறதா? 1959இல் நெவில் மோரே செய்த சோதனை அதை மறுத்தது. கவனிக்காத காதில் பங்கேற்பவரின் சொந்தப் பெயரைச் சேர்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். பெயரை அடையாளம் காண வேண்டுமென்றால், அந்தப் பேச்சு ஓரளவுக்காவது உள்ளே போய் ஆராயப்பட்டிருக்க வேண்டும். கவனிக்காத குரல் முழுதாக அடைபடுவதில்லை, அதன் ஒலியளவு குறைக்கப்படுகிறது என்ற ஆன் டிரீஸ்மனின் விளக்கம் அதன்பிறகுதான் வலுப்பெற்றது. இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: கூட்டத்தில் நம் பெயரை யார் சொன்னாலும் உடனே கேட்டுவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதே சோதனையில் மூன்றில் இருவருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த ஒலியளவுக் குறைப்பை மூளைக்குள்ளேயே பார்த்தும் விட்டார்கள். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காகச் சில நோயாளிகளின் மூளைப் பரப்பில் மின்முனைகளை வைப்பதுண்டு. 2012இல் நிமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் இருவரும் அத்தகையவர்களை இரண்டு குரல்களை ஒன்றாகக் கேட்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். செவிப்புலப் பகுதியின் மின்துடிப்புகளிலிருந்து ஒலியைத் திரும்பக் கட்டியெழுப்பியபோது, அது கவனித்த குரலையே ஒத்திருந்தது; மற்றவர் பேசவே இல்லை என்பதுபோல. காதுக்குள் நுழைந்தது இரு குரல்களின் கலவை. பெருமூளையின் அந்தப் பகுதியை எட்டுவதற்குள் ஒன்று முன்னே வந்துவிட்டது, மற்றது மங்கிவிட்டது.

இவ்வளவு செய்தும் சில துண்டுகள் தொலைந்துதான் போகும். ஒரு கதவு அறைந்து சாத்தப்படும் கணத்தில் ஓர் எழுத்தின் ஒலி முழுதாக மூழ்கிவிடலாம். அப்போது மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தின் பதிவிலிருந்து ஓர் ஒலியை அடியோடு வெட்டியெடுத்து அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்கள் சொல் முழுமையாக இருந்ததாகவே சொன்னார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்று அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. அதே இடத்தை வெறும் மௌனமாக விட்டால் வெட்டு உடனே தெரிந்துவிடும். இருமலுக்குப் பின்னால் ஓர் ஒலி மறைந்திருக்க வாய்ப்புண்டு, மௌனத்துக்குப் பின்னால் எதுவும் மறைய முடியாது. அந்த வேறுபாட்டை மூளை அறிந்தே நடந்துகொள்கிறது.

இப்படி நிரப்புவதற்கு மொழியறிவு வேண்டும், பேச்சின் சூழல் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் கற்ற மொழியில் எவ்வளவு சரளமாகப் பேசினாலும், இரைச்சலில் தாய்மொழி அளவுக்கு அது கைகொடுக்காததற்கு இதுவே காரணம். நன்கு பழகிய குரல் கூட்டத்தில் எளிதாகப் புரிகிறது. பேசுபவரின் உதடுகளும் பெரிய உதவி. இரைச்சல் கூடக்கூட அவற்றைப் பார்ப்பதன் பயன் கூடுகிறது என்று 1954லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இந்தத் திறன் மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆயிரக்கணக்கில் கூடிக் கத்தும் ராஜ பெங்குவின்களின் நடுவே குஞ்சு தன் தாய் தந்தையின் அழைப்பைக் கண்டுபிடித்துவிடுகிறது, அந்த அழைப்பைவிடச் சுற்றியுள்ள சத்தம் மிகுந்திருக்கும்போதும்.

இனி அம்மா சொன்ன வரிக்குத் திரும்பலாம். வயது, பேரொலி, சில மருந்துகள் ஆகியவற்றால் காக்ளியாவில் அதிர்வை உணரும் மயிர்ச்செல்கள் சேதமடைகின்றன. அவற்றில் ஒரு வகைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்குவதோடு அதிர்வெண்களைக் கூர்மையாகப் பிரிக்கவும் உதவுபவை. அவை போனால் இரண்டு இழப்புகள். ஒலி மெலிகிறது, துண்டுகளும் பெரிதாகி மங்குகின்றன. முன்பு தனித்தனி இழைகளில் வந்த இரு குரல்களின் பகுதிகள் இப்போது ஒரே இழையில் வந்து விழுகின்றன. சத்தத்தைக் கூட்டினால் முதல் இழப்பு ஈடாகும். இரண்டாவது அப்படியேதான் இருக்கும். நாங்கள் உரக்கப் பேசியும் அம்மாவுக்குப் புரியாததன் காரணம் அதுவே.

இன்னொரு சேதமும் இருக்கிறது. 2009இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளைச் சிறிது நேரம் பேரொலி கேட்கச் செய்தார்கள். சில வாரங்களில் செவித்திறன் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் பெரும்பகுதி சில இடங்களில் நிரந்தரமாக அழிந்துபோயிருந்தது. இத்தகைய சேதம் வழக்கமான பரிசோதனையில் பிடிபடாது. அந்தப் பரிசோதனை, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ‘பீப்’ ஒலி கேட்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஆடியோகிராம் என்ற அதன் முடிவு வரைபடம் நன்றாக இருந்தும் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்று சொல்பவரை நம்புங்கள். இரைச்சலின் நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் தனிச் சோதனைகள் இருக்கின்றன. செவித்திறன் நிபுணரிடம் அதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

காது கேட்கும் கருவி உதவுகிறது, ஆனால் அதற்கும் இதே சிக்கல்தான். வேண்டிய குரல் எது என்று அதற்குத் தெரியாது. முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகமாகவும் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகவும் எடுக்கும் மைக்ரோபோன்கள் ஓரளவு கைகொடுக்கின்றன. இரு காதும் குறைந்திருந்தால் இரண்டு காதிலும் கருவி வைக்கச் சொல்வது, மேலே சொன்ன அந்த ஒப்பீட்டை மூளைக்குத் திரும்பக் கொடுப்பதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். நாலு பேர் கூடினால் அம்மா சுவரை ஒட்டி உட்காருகிறார். பின்னாலிருந்து எந்தப் பேச்சும் வராது. விளக்கு பேசுபவரின் முகத்தில் விழும்படி அமர்கிறோம். சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன் “அம்மா” என்று கூப்பிட்டு அவர் திரும்பும்வரை காத்திருக்கிறோம். அவர் “என்ன?” என்று கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வதில்லை. முதல் தடவை மூழ்கிய எழுத்து இரண்டாம் தடவையும் மூழ்கலாம். அதனால் அதையே வேறு சொற்களில் சொல்கிறோம்.